மொன்றியல் பாரில் நான் முழந்தாளிட்ட மாலை

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“ரீச்சர்! கனடாவில தண்ணியடிக்க எந்த இடம் நல்லம்?”

கேட்டவர் சந்தியோகு அண்ணன். நாற்பது வருடமாக எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய கடல் மனிதர். அவர் காதுக்குள் சொல்லும் இரகசியம்கூடப் பத்து மைல் தள்ளியுள்ள பேசாலை வரை கேட்கும். இரண்டு முழம் தள்ளி நின்று எங்கள் பாதர் ஒரு குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

“என்னண்ணை, என்னட்டயோ கேக்கிறியள்?”

“வேற ஆரிட்டக் கேக்கிறது? என்ர மூத்தவன் வாற மாசம் அங்க போறானெல்லோ. போய் நிண்டு முழிக்கக் கூடாது பாருங்கோ. எங்கட உப்புக்குளத்தில கனடா பார் எல்லாம் ஏறி இறங்கினது நீங்கள் ஒராள்தானே!”

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுக்கவா முடியும்? சொன்னது உண்மையாயிற்றே…

ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். மது என்பதை வாயில் வைத்ததில்லை – அப்படித்தான் இந்த ஓகஸ்ட் வரை நினைத்திருந்தேன். ஆனால் கேட்டுவிட்டார். பதில் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் நீளமான பதில்.

என் ஒரே மகள் ஜெனி ரொறன்ரோவில் இருக்கிறாள். படிக்கப் போனாள், படித்து முடித்தாள், அங்கேயே ஒரு பயண இணையத்தளத்தில் எழுதும் வேலை கிடைத்தது. அங்கே இரவு பத்து மணி என்றால் மன்னாரில் அடுத்த நாள் காலை ஏழரை. நான் பாடசாலைக்குப் புறப்படும் நேரம். தினமும் அந்த நேரத்துக்கு அவளோடு இரண்டு நிமிடம் கதைத்துவிட்டுத்தான் வீட்டுப் படி இறங்குவேன். சாப்பிட்டியோ? ஓம். படுக்கப்போறியோ? ஓம். அவ்வளவுதான். பிள்ளை படுத்துவிட்டாள் என்ற நிம்மதியில் நான் பகல் முழுவதும் அல்ஜிப்ரா படிப்பிப்பேன்.

ஒரு நாள் காலை அந்த நிம்மதி போயிற்று.

எங்கள் செபக் குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு படம். யாரோ ஒரு புண்ணியவான் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். கீழே, “இது ரீச்சரின்ட மகளோ?” பக்கத்தில் கூப்பிய கைகள் இரண்டு.

சிவப்பு வெளிச்சம். நீளமான ஒரு கவுண்டர். பின்னால் போத்தல்கள். முன்னால் என் பிள்ளை, கையில் ஒரு கிளாஸ். வாயைத் திறந்து, கண்ணை மூடி, தலையைப் பின்னால் எறிந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று நான் பாடசாலைக்குப் போகவில்லை.

“அம்மா, அது வேலை,” என்றாள் ஜெனி போனில்.

“குடிக்கிறதோ வேலை?”

“குடிக்கிற இடங்களைப் பற்றி எழுதுறது வேலை. இந்த வருஷம் கனடா முழுக்க இரவில எங்க போகலாம், என்ன குடிக்கலாம் எண்டு ஒரு தொடர் எழுதச் சொல்லியிருக்கினம். ஊர் ஊராப் போகோணும்.”

“அப்ப நீ குடிக்கிறனியோ?”

“ஓம் அம்மா. ஒரு கிளாஸ். ருசி தெரியாமல் எப்பிடி எழுதுறது?”

நீங்களே சொல்லுங்கள், இதை ஒரு தாய் நம்பலாமா? முப்பது வருடமாக, ‘கொப்பியைக் கழுதை திண்டிட்டுது ரீச்சர்’ என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். மன்னாரில் கழுதைகள் உண்மையாகவே கொப்பி தின்னும். அதனால் எது பொய், எது மெய் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியாது. இதுவும் அப்படித்தான் இருந்தது.

அவளுடைய பட்டமளிப்புக்கு எடுத்த விசா இன்னும் முடியவில்லை. ஓகஸ்ட் விடுமுறை வந்தது. ‘நான் வாறன்’ என்றேன். பெட்டி கட்டும்போது இவர் – என் கணவர் – வாசலில் சாய்ந்து நின்று பார்த்தார். அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் ஒரு வசனம்.

“நீர் போறது பிள்ளையைப் பாக்கவோ, பிடிக்கவோ?”

நான் பெட்டியை இறுக்கிப் பூட்டினேன். என் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. நான் திரும்பி வரும் அதே விமானத்தில், ஜெனியின் பெயரில், ஒரு ரிக்கற். அவளிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. பிள்ளை கெட்டுப்போகிறாள் என்று கண்டால் கையோடு கூட்டி வருவது. அதுதான் என் திட்டம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெருநாள் இரவில் கூத்து என்றால் குமர்ப் பிள்ளைகளைப் போகாதே என்று மறிக்க மாட்டோம். ‘ஓம், போ’ என்போம். பிறகு ஒரு பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய், நாலு வரிசை தள்ளி விரித்து உட்கார்ந்துவிடுவோம். கூத்தையும் பார்க்கலாம், பிள்ளையையும் பார்க்கலாம்.

கனடாவில் நான் செய்ததும் அதைத்தான். பாய் மட்டும் இல்லை.

முதல் இரவு ரொறன்ரோ. ஏதோ பாட்டுப் பாடும் பார். வாசலில் வரிசை. கதவடியில் கறுப்பு உடுப்போடு மலை மாதிரி ஒருவன், காதில் வயர். எங்கள் முறை வந்ததும் கையை நீட்டி ‘ஐடி’ என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. என் கை தானாகவே பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. பை அகலத் திறந்தது. கால் வரிசையை விட்டு இடப்பக்கம் விலகியது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, பெண்களைச் சோதிக்கிற பெண் எங்கே என்று தேடி நிற்கிறேன்!

யுத்த காலத்தில் தள்ளாடிப் பாலத்து இராணுவச் சோதனைச் சாவடியில் எத்தனை வருடம் இப்படி நின்றிருப்போம்? உடம்பு மறக்கவில்லை.

அந்த மலை மனிதன் திகைத்துப் போனான். சிங்களத்திலும் தமிழிலும் இருந்த என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “மேடம், உங்களுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது என்று நம்புகிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொல்லி, குனிந்து கதவைத் திறந்துவிட்டான்.

ஜெனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, என் விரித்த கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

“இஞ்ச வயசு பாக்கத்தான் கேக்கிறவங்கள் அம்மா. கையை இறக்குங்கோ.”

இரவு வாழ்க்கை என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் முதல் பாடம். வாசலில் நிற்கிறவன் நீ போதிய அளவு கிழவியா என்று மட்டும் பார்க்கிறான். வேறெதுவும் கேட்பதில்லை. எப்பேர்ப்பட்ட நாடு!

இரண்டாவது ஊர் கனடாவின் கிழக்கு நுனியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சென் ஜோன்ஸ். மீன்பிடி ஊர். விமானத்தால் இறங்கியதும் எனக்கு மூக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. வலை வாசம், டீசல் வாசம், கருவாடு இல்லாத குறை மட்டும்.

அங்கே பார்களில் ஒரு சடங்கு. வெளியூர்க்காரர் வந்தால் ஒரு சின்னக் கிளாஸ் றம் குடிக்க வேண்டும். அவர்கள் சொல்லித்தரும் ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு முழு மீனை – கொட் என்று ஒரு மீன் – வாயில் கொஞ்ச, அதாவது முத்தமிட, வேண்டும். கொஞ்சினால் நீங்களும் ஊர்க்காரர். அதற்குச் சான்றுப் பத்திரம்கூடத் தருவார்கள்.

ஜெனி றம்மைக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மீனைக் கொஞ்சினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது நான். றம் வேண்டாம் என்றேன். சரி, மீனையாவது என்று முகத்துக்கு நேரே நீட்டினார் பார்க்காரர்.

மீனை முகத்துக்கு நேரே நீட்டினால் மன்னார்க்காரி என்ன செய்வாள்?

வாங்கினேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பெருவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். வயிற்றை அமத்தினேன்.

“ஜெனி, இது பிடிச்சு ஒரு மாசம் இருக்கும். ஐஸுக்குள்ள கிடந்த மீன். சொல்லு அவருக்கு.”

“அம்மா, இது சும்மா விளையாட்டு…”

“பழுதான மீனை நான் வீட்டுப் படியிலயே ஏத்தமாட்டன். வாயில வைப்பனோ? சொல்லு!”

சொன்னாள். பிறகு மூலையில் இருந்த ஒரு கிழவர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். இத்தனை வருடத்தில் அந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த முதல் ஆள் நான்தானாம். பார்க்காரர் ஒத்துக்கொண்டார். ஃபிரீசர் மீன்தான், போன மாதம் எடுத்தது.

கிழவர் தன் கதிரையை இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். அவரும் கடல் மனிதர். ஒரு காலத்தில் அவர்கள் கடலில் மீன் குறைந்து, அரசாங்கம் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டதாம். ஊர் ஊராகப் படகுகள் கரையில் காய்ந்தன என்றார். என் அம்மாவின் ஊர் முள்ளிக்குளம், கடற்படை பிடித்து முகாம் போட்ட மீன்பிடி ஊர். நான் சொன்னேன் – எங்கள் கடலும் பூட்டித்தான் கிடந்தது. உங்களுக்கு மீன் இல்லாமல். எங்களுக்கு மீன் இருந்தும்.

அவர் தன் கிளாஸை எடுத்து என் சோடாக் கிளாஸில் மெதுவாகத் தட்டினார்.

பத்திரத்தை எனக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்சாமலே.

அன்றிரவு அறையில் ஜெனி தூங்கிவிட்டாள். நான் செபப் புத்தகத்தை எடுத்தேன். உள்ளே அந்தத் தாள். இது வரை கெட்டுப்போன எதையும் நான் காணவில்லை. அந்த மீனைத் தவிர. என்றாலும் தாளை வெளியே எடுக்க மனம் வரவில்லை. பயம் என்பது கணக்கு அல்லவே, விடை வந்ததும் கொப்பியை மூட…

மூன்றாவது ஊர் மொன்றியல்.

பின்னேரம் ஆறு மணி. மழைத் தூறல். “இண்டைக்கு உங்களுக்கு நல்லாப் பிடிக்கிற இடம் ஒண்டு,” என்றாள் ஜெனி. ஒரு தெருவால் திரும்பினோம். கருங்கல் கட்டடம், உயர்ந்த கோபுரம், வளைந்த பெரிய மரக்கதவு. அவளுக்கு அந்த நேரம் வேலையிடத்திலிருந்து போன் வந்தது. “நீங்கள் போங்கோ, நான் வாறன்,” என்று கையைக் காட்டினாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாதாவே! கடைசியில் என் பிள்ளை என்னைக் கோயிலுக்குக் கூட்டி வந்திருக்கிறாள்!

வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சால்வையைத் தலைக்குப் போட்டேன். உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியில் நீராவிப் புகார் படிந்துவிட்டது. ஒன்றும் தெளிவில்லை. ஆனால் நிறக் கண்ணாடி யன்னல்கள் தெரிந்தன. அங்கங்கே மெழுகுதிரிகள். முன்னால், பீடம் இருக்கும் இடத்தில், பொன்னாக மின்னும் வெளிச்சம். அதற்கு முன்னால் மரத்தாலான கிராதி. அங்குமிங்குமாகச் சிலர் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் கதைக்கிறார்களே என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

நேரே நடந்துபோய்க் கிராதியடியில் முழந்தாளிட்டேன். சிலுவை போட்டேன். பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தேன். கேட்டதெல்லாம் ஒன்றுதான். என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தா.

சுற்றிவரக் கதைச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. பரவாயில்லை, மரியாதை தெரிந்த சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் யாரோ வந்து முழந்தாளிட்டார்கள். ஜெனி. காதடியில் மிக மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா… இது பார்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். பீடம் இருந்த இடத்தில் போத்தல்கள், வரிசை வரிசையாக, பின்னால் விளக்கு. கறுப்புச் சட்டை போட்ட, கோயில் உதவியாள் என்று நான் நினைத்த பெடியன், கையில் ஒரு கிளாஸையும் துணியையும் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான். கோயிலை விற்றுவிட்டார்களாம். அந்த ஊரில் அப்படிப் பல இடம் உண்டாம். முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

வெட்கம்தான். என்றாலும் ஒரு கிறிஸ்தவப் பெண் பாதிச் செபத்தில் எழும்பலாமா?

“பொறு. முடிச்சிட்டு வாறன்.”

ஜெனி எழும்பவில்லை. அவளும் கைகூப்பினாள். அந்த முப்பது பேருக்கு முன்னால், போத்தல்களைப் பார்த்தபடி, என்னோடு சேர்ந்து கடைசி வரை செபித்தாள். நான் எழும்புவதற்காகக் கையை ஊன்றினேன். புத்தகம் சரிந்தது. தாள் விழுந்தது.

அவள்தான் எடுத்தாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் விரித்தாள்.

“அம்மா… இதில என்ர பேர் கிடக்கு.”

“ஓம்.”

“நான் வாறன் எண்டு சொன்னனானோ?”

மூன்று மாதமாகிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள் நிற்கிறது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. ஐந்து வயதில் பாடசாலை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியபோது பார்த்த அதே முகம். கைவிட்டது நான்தான் என்று சொல்லும் முகம்.

உயரமான கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கும் ஒன்றை இழுத்துவிட்டாள்.

“அந்தக் கிளாஸுக்கோ அம்மா இவ்வளவு பயம்?”

யோசித்தேன். கிளாஸா? பொய் சொல்ல அது இடமில்லை. பழைய கோயில் என்றாலும் கோயில்.

“கிளாஸ் இல்லைப் பிள்ளை. அந்தப் படத்தில நீ சிரிக்கிறாய். எங்களோட நிக்கிற ஒரு படத்திலயும் நீ அப்பிடிச் சிரிக்கேல்ல. எங்களை விட்டுட்டுப் போனாப் பிறகுதான் உனக்குச் சந்தோசம் எண்டு…”

ஜெனி என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்துவிட்டாள்!

“அம்மா! எங்கட வீட்டுப் படம் எல்லாம் ஆர் எடுக்கிறது? அப்பா! ‘அசையாதே, நேர நில், வாயை மூடு’ எண்டு சொல்லித்தானே எடுப்பார். கடவுச்சீட்டுப் படம் மாதிரி! அதில எப்பிடியம்மா சிரிக்கிறது?”

உண்மைதான். எங்கள் கலியாணப் படத்தில்கூட நானும் இவரும் பொலிஸில் பிடிபட்டவர்கள் மாதிரித்தான் நிற்கிறோம். அது போட்டோக்காரர் எடுத்தது. ஆனால் இவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

“மற்றது, எனக்கு முதன்முதல் ஊத்தித் தந்தது ஆர் தெரியுமோ?”

“ஆரது?”

“நீங்கள்! நத்தாருக்கு. ஆறு வயசில. முந்திரிகை வத்தலும் கராம்பும் போட்டு நாப்பது நாள் மூடி வைப்பியளே. ‘ஒரு மூடி குடி பிள்ளை, சளிக்கு நல்லது’ எண்டு.”

அது… அது வைனெல்லோ? வைன் குடிவகையா? எங்கள் பக்கத்தில் அதை யாராவது அப்படிச் சொல்வார்களா? அது பாலன் பிறப்புக்குச் செய்யும் நத்தார்ச் சாமான். கேக் மாதிரி!

கறுப்புச் சட்டைப் பெடியன் எங்களுக்கு முன்னால் இரண்டு சின்னக் கிளாஸ் வைத்தான். காசு வேண்டாமாம். அந்தக் கட்டடத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர் முழந்தாளிட்டு அவன் கண்டதில்லையாம். அப்பிளில் செய்த வைன், மஞ்சளாக, தேன் மாதிரி. ஜெனி குடித்தாள். நானும் ஒரு வாய் வைத்தேன்.

“எப்பிடி அம்மா?”

“பரவாயில்லை. கராம்பு காணாது.”

அவள் அதைக் குறிப்பு எடுத்துக்கொண்டாள். சத்தியமாக!

ரிக்கற்றை நான் கிழிக்கவில்லை. அங்கேயே, அந்தக் கவுண்டரில் வைத்து, அவள் போனில் திகதியை மாற்றினாள். டிசம்பர். நத்தாருக்கு வருகிறாள். தானாக.

அதற்கடுத்த கிழமை அவளுக்கு வன்கூவர். மேற்குக் கரை. இரவு வாழ்க்கைக்குப் பெயர் போன ஊராம். சந்தியோகு அண்ணன், அந்த ஊரைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் தனியாகத்தான் போனாள். நான் ரொறன்ரோவில் அவளுடைய வீட்டில் இருந்தேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இருந்தேன்.

போன கிழமை அவளுடைய கட்டுரை வெளிவந்தது. சென் ஜோன்ஸ் பகுதியில் ஒரு படம். சேலையும் ஸ்வெற்றருமாக ஒரு அம்மா, விளக்குக்கு நேரே மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள். அதே செபக் குழு வட்ஸ்அப், அதே புண்ணியவான், அதே கூப்பிய கைகள். “இது ரீச்சரோ?”

ஓம். ரீச்சர்தான்!

சரி, கோயில் வாசலுக்கு வருவோம். சந்தியோகு அண்ணனுக்கு இவ்வளவையும் அங்கே நின்று சொல்ல முடியுமா? சுருக்கமாகச் சொன்னேன்.

“அண்ணை, மகன் எங்கயும் போகட்டும். போற இடத்தில இருந்து சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கோ. படம் வந்தா, என்னை மாதிரிப் பிளேன் ஏறாதேங்கோ.”

“அதுசரி ரீச்சர், ஆனா இடத்தைச் சொல்லேல்லையே!”

பாதர் ஆசீர்வாதத்தை முடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ரீச்சர்… ஜெனி எழுதின அந்த மொன்றியல் கோயிலில இப்பவும் ஆக்கள் வாறவையோ?”

“ஓம் பாதர். விடிய ரெண்டு மணி வரைக்கும் இருக்க இடமில்லை.”

பாதர் பெருமூச்சு விட்டார். எங்கள் கோயிலில் அன்று பின்வரிசை காலி.

மொன்றியல் பாரில் அந்தக் கறுப்புச் சட்டைப் பெடியன் எடுத்த ஒரு படம் இப்போது எங்கள் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நானும் ஜெனியும், கராம்பு காணாது என்று சொன்ன அந்தக் கணம். இரண்டு பேருக்கும் வாய் அகலத் திறந்திருக்கிறது. படத்தில் என் தலை ஆடிக் கலங்கி, மூக்கு எது கண்ணாடி எது என்று தெரியாது. இவர் பார்த்துவிட்டு, “படம் ஆடிப்போச்சு. வேற ஒண்டு அனுப்பச் சொல்லும்,” என்றார்.

வேண்டாம் என்றேன்.

நத்தாருக்கு வைன் போட்டாயிற்று. இந்த முறை இரண்டு போத்தல் கூடுதலாக. குடும்பப் படமும் எடுக்கத்தான் போகிறோம் – கமரா மட்டும் இவர் கையில் இல்லை.